தாத்தாவின் உண்டைவில்

அமெரிக்காவில் வில்லால் வான்கோழி வேட்டையாடுகிறவர்கள் அகலமான அலகுள்ள அம்புமுனையாகப் பார்த்து வாங்குகிறார்கள். அதன் உயிர்நிலை சின்னது. வெட்டு பெரிதாக விழாவிட்டால் எங்கோ புதரில் போய்க் கிடந்து சாகும்.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் தாத்தா பறவைக்குக் கூர் அம்பே எடுக்கமாட்டார். உண்டைவில்தான். இரட்டை நாண், நடுவில் சின்னப் பை, அதில் காய்ந்த களிமண் உண்டை. கொக்கு சுருண்டு விழும், கறி கிழியாது. களிமண்ணைப் பொறுக்கி எடுப்பார். ஒரு சின்னக் கல் இருந்தாலும் உண்டை நேராகப் போகாதாம்.

வேடந்தாங்கல் பக்கம் மட்டும் வில்லோடு போகமாட்டார். பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர்தான் அந்த ஊர் வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதற்கே 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் உத்தரவு வாங்கியவர்கள், தாத்தாவையா விடுவார்கள்!

1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வில் பரணுக்குப் போனது. நாணைக் கழற்றிப் பாட்டி துணி உலர்த்தக் கொடி கட்டிக்கொண்டாள்.