நடுநிசியில் நின்ற தபால்காரர்

உங்கள் சம்பளப் பணம் வங்கிக்குள் எப்படி நடமாடுகிறது, தெரியுமோ? பல வங்கிகளில் அதற்கென்றே ஒரு தபால்காரர் உண்டு. மெயின்பிரேம் என்னும் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமின் சேதியை மற்றொன்றிடம் சேர்க்கும் எம்.க்யூ.தான் அவர், 1993-இல் பிறந்தவர். அவரைக் கவனிப்பது என் உத்தியோகம்.

ஒருநாள் நடுநிசியில் அசையாமல் நின்றுவிட்டார்! "நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள், மேடம்! விடிந்தால் சம்பள நாள்!" என்று பதறினார்கள். ஓட்டலாம். ஆனால் மெஷினின் ஞாபகத்திலுள்ள தடயமெல்லாம் அழிந்துவிடும். அடுத்த மாதமும் இதே கூத்துத்தான்!

முதலில் 'டம்ப்' எடுத்தேன். அந்த ஞாபகத்தை அப்படியே பிடிக்கும் போட்டோ அது. பிறகே ஓட்டினேன். சம்பளம் விடியுமுன் போய்ச் சேர்ந்தது. டம்புடன் ஜாப் லாக், 'சி.எஸ்.க்யூ.' என்று தொடங்கும் எச்சரிக்கைகள், நின்ற நேரம், முதல்நாள் செய்த மாற்றம் யாவும் நிபுணர்களுக்குப் போயின, காரணமும் அகப்பட்டது.

டாக்டர் வருமுன் குழந்தையின் நாக்கை வழித்துவிட்டால், பாவம், அவர் எதைப் பார்ப்பார்?