லட்சுமிக்குச் சேலை கட்டுகிறவர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடைகளின் முன்பகுதியோடு திரும்பிவிடுவார்கள். எனாமல் தூக்கு, பித்தளைப் பூட்டு, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒவ்வொன்றாய் விலை கேட்டு, மலைத்து, நகர்ந்துவிடுவார்கள். நான் போனது ஒரு கடையின் பின்கட்டுக்கு. அங்கே நான்கு பெண்கள் பாயில் உட்கார்ந்து, காலண்டர் லட்சுமி ஒருத்திக்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

முகம், கை, பாதம் மூன்றும் அச்சாகவே இருக்கும். மற்ற இடமெல்லாம் துணி, ஜரிகை, சமிக்கி, பாசிமணி. இந்த வேலை புதிதல்ல. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, கல்லச்சில் நிறம் நிறமாக ஏற்றி வார்னிஷ் பூசிய சாமி படங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்கும் வந்தன. ஊரெல்லாம் ஒரே சரசுவதி. அதற்குத் துணி ஒட்டி, மணி தைத்துத் தங்கள் வீட்டுச் சரசுவதியாக்கிக்கொண்டார்கள். அப்படி அலங்கரித்த பழைய படங்களைக் கடைக்காரர் தொடவிடுவதில்லை. அவை உள்ளபடியே விலைபோகும். பின்கட்டுக்கு வருபவை சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வளர்த்த பாணியில் வந்தவை. பின்தாங்கலுக்குத் தினசரிக் காலண்டர் அட்டை.

"பட்டுன்னா எந்தப் பட்டும் ஆகாதுண்ணே. மடிப்புல நரம்பு விட்ருக்கும்" என்றார் மூத்தவர். கையிலிருந்த அரக்குச் சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மடித்து வைத்த கோடெல்லாம் இற்றுப்போய் வெளிச்சம் ஊடுருவியது. அந்தக் கோடுகளை விட்டுவிட்டு நடுத்துண்டுகளை மட்டும் வெட்டுகிறார்கள். அடியில் பழைய வேட்டித் துணி ஒன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் பட்டு ஊசிக்கே நிற்காது. ஓவியர் வரைந்த கொசுவம் எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கமே துணியின் மடிப்பும் விழவேண்டும். தோளிலும் முழங்காலிலும் பஞ்சு வைத்துக் கொஞ்சம் எழுப்புகிறார்கள். வெட்டிய ஓரத்தை ஜரிகைக்கரை மறைக்கிறது.

அந்த ஜரிகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய பட்டில் உள்ள அசல் ஜரிகை வெள்ளி இழை, மேலே தங்க முலாம். அதைத் தெருத்தெருவாக வாங்கிப்போகிறவர்கள் வெள்ளிக்காக உருக்கிவிடுகிறார்கள். தேறாது என்று அவர்கள் ஒதுக்கிய கரைதான் இங்கே வருகிறது. லட்சுமிக்குக் கிடைப்பது எப்போதும் கழிவு ஜரிகைதான். அந்தப் பெண்களும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

பசை மைதாவைக் காய்ச்சியது. இராமபாணப் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கொஞ்சம் சேர்க்கிறார்கள். நீர்த்திருந்தால் பட்டில் கறை ஏறும், அதனால் கெட்டியாக, ஓரத்தில் மட்டும் தடவுகிறார்கள். ஃபெவிகால் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்றேன். "முடியும். நாளைக்கு ஒரு மணி விழுந்தா பிரிச்சு ஒட்ட முடியாது. பிரிச்சா அட்டையோட வரும்." கண்ணாடி துணியில் படாமல் இருக்கச் சட்டத்துக்குள் மெல்லிய ரீப்பர் ஓடுகிறது. சட்டம், இடித்த வீட்டு சன்னல் தேக்கு.

இடித்த வீடுகளைப் பற்றி நான் கேட்காமலே பேச்சு வந்தது. பங்காளிகள் பெருகி, வெளியூரிலும் வெளிநாட்டிலும் பரவி, வீட்டைப் பார்க்க ஆளில்லாமல் போனால் தூணிலிருந்து தட்டுமுட்டு வரை இந்தத் தெருவுக்கு வந்துவிடுகிறது. மூலையில் ஒரு சாக்கு நிறையப் பேரேடுகள் கிடந்தன. தமிழ் எண்களில் எழுதிய வரவு செலவு. தேக்குச் சட்டத்தில் பேரேட்டுத் தாளைப் பின்னணியாக ஒட்டி, அதன்மேல் உடைந்த கடிகார முள்ளும் கொத்துச்சாவியும் பொருத்திய சுவர்த் தொங்கல்களுக்கு ஹோட்டல்காரர்களிடம் நல்ல கிராக்கியாம்.

எனக்கு இது பிடிக்கவில்லை, சொல்லியும்விட்டேன். கிழிந்த சேலையை வெட்டலாம். பேரேடு அப்படியில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய இந்த வீட்டுக்காரர்களின் கணக்கு, இன்னும் யாரும் படிக்காத சரித்திரம். கிழிந்த தாள் ஒவ்வொன்றிலும் ஒரு கடனாளியின் பெயர் இருக்கும். மூத்தவர் கோபப்படவில்லை. கரையான் அரித்து நடுவில் ஓட்டை விழுந்த ஏடு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுல என்னண்ணே படிப்பீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சாக்கின் அடியில் முழு ஏடுகளும் இருந்தன.

இளையவர் ஒருவர் வேறு வழி வைத்திருந்தார். நல்ல ஏட்டை ஜெராக்ஸ் எடுத்து, டீ டிக்காஷனில் முக்கி, நிழலில் உலர்த்தினால் தாளுக்கு வயசு ஏறிவிடுகிறது. ஜரிகைக்கும் லேசுக்கும் இதே சாயம்தான். அசல் தாளையும் ஜெராக்ஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தொட்டுப் பார்த்தால் தெரிகிறது, சுவரில் தெரியாது. போலி என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். நான் ஜெராக்ஸின் பக்கம். கடைக்காரர் இன்னும் அரைமனசுதான்; அசல் தாள் என்று சொல்லி விற்றால்தானே கூடுதல் விலை.

கிளம்பும்போது மூத்தவர் கேட்டது காலண்டர் அட்டை. "பழசு இருந்தா போட்றாதீங்க. பெரிய சைஸா இருந்தா கொடுத்தனுப்புங்க. இப்ப வர்றதெல்லாம் மெலிசு, பசை பட்டாலே வளைஞ்சிருது."