ரிஜிஸ்டரில் இல்லாத மெஷின்

வான்னாக்ரை பரவிய 2017 மே மாதத்தில் திருப்பூரில் எனக்கு ஓய்வே இல்லை. பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அந்த வைரஸ் நுழைந்தது 445-ஆம் போர்ட் வழியாக. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். போகிற இடமெல்லாம் லேப்டாப்பைச் செருகி என்மேப் என்ற ஸ்கேனரை ஓட்டுவேன். 445 திறந்திருக்கும் மெஷின்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்வேன்.

ஒரு கம்பெனியில் கணக்கு இடித்தது. ரிஜிஸ்டரில் இருந்ததைவிட ஸ்கேனில் ஒரு மெஷின் கூடுதல். 135, 139, 445 எல்லாம் திறந்தே கிடக்கிறது. அந்த ஐ.பி. எந்த மேசையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. மேக் முகவரியைப் பார்த்தேன். 08:00:27 என்று தொடங்கியது. விர்ச்சுவல்பாக்ஸ் தன் விர்ச்சுவல் மெஷின்களுக்கு, அதாவது வி.எம்.களுக்கு, வைக்கும் தொடக்கம் அது. அப்படியானால் தேட வேண்டியது பெட்டியை அல்ல, யாருடைய பெட்டிக்குள் அது ஓடுகிறது என்பதை.

அக்கவுண்ட்ஸில் கிடைத்தது. கணக்குப் பார்க்கும் அம்மா சிரித்தார். “அது கம்ப்யூட்டரே இல்லீங்க தம்பி. பழைய சம்பள சாஃப்ட்வேர் புதுசுல ஓடலைன்னு உள்ளுக்குள்ள வெச்சுக் குடுத்தாங்க.” வெளியே, ஹோஸ்டில், விண்டோஸ் 10, அப்டேட் சுத்தம், ஃபயர்வால் ஆன். உள்ளே விண்டோஸ் 7, அப்டேட் நிறுத்தம், ஃபயர்வால் ஆஃப். வைத்துக் கொடுத்த பையனுக்குப் போன் போட்டேன். “ஹோஸ்ட்லதான் ஃபயர்வால் இருக்கே, அண்ணா. அதைத் தாண்டித்தான வரணும்?” என்றான். முந்தின வாரம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஸ்கேன் வேறு சொன்னது. ஒரே பெட்டி, ஒரே கேபிள், இரண்டு ஐ.பி. ஹோஸ்ட் வாய் திறக்கவில்லை. உள்ளே இருந்தது கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. காரணம் பிரிட்ஜ். அந்த முறையில் வி.எம். ரூட்டரிடமிருந்து தனக்கென்று ஒரு முகவரி வாங்கிக்கொள்கிறது. அதற்கு வரும் பாக்கெட், நெட்வொர்க் கார்டுக்கு அருகிலேயே பிரிந்து நேராக உள்ளே போய்விடும். ஹோஸ்டின் ஃபயர்வால் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதன் கண்ணில் படுவதே இல்லை. கீழ்வீட்டு வாசலைப் பூட்டிவிட்டு, தெருவிலிருந்தே மாடிக்கு ஏறும் படியை மறந்த மாதிரி.

நாட் முறையில் வைத்திருந்தால் கதை வேறு. விர்ச்சுவல்பாக்ஸில் அதுதான் இயல்பான அமைப்பு. உள்ளே 10.0.2.15 என்று ஒரு முகவரி இருக்கும். போர்ட் ஃபார்வர்டிங் போடாதவரை வெளியிலிருந்து யாரும் அதைக் கூப்பிட முடியாது. ஆனால் உள்ளிருந்து கிளம்பி அலுவலக நெட்வொர்க்கைத் துழாவலாம். அதனால் அதையும் முழுக் காவல் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்டேட்டைப் போட்டுவிட்டு வி.எம்.மின் ஃபயர்வாலை ஆன் செய்தேன். சம்பள சாஃப்ட்வேர் அந்த நிமிடமே நின்றது. பையன் அதை ஏன் அணைத்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மறுநாள் சனிக்கிழமை, வாரச் சம்பளம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பு இல்லை.

விண்டோஸ் ஃபயர்வால் தடுத்ததை இயல்பாக எழுதி வைக்காது. நாம்தான் லாக் எழுதச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, மற்ற மேசைகளில் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொன்னேன். லாகில் ‘டிராப்’ என்று வரி வரியாக விழுந்தது, எல்லாம் 1433-க்கு. எஸ்.க்யூ.எல். சர்வரின் போர்ட். அதை மட்டும், சம்பளக் கணக்கு பார்க்கும் மேசைகளின் ஐ.பி.களுக்கு மட்டும் திறந்துவிட்டேன். 445 மூடியே இருந்தது. சாஃப்ட்வேர் ஓடியது. ஃபயர்வாலை அணைக்கச் சொல்லிப் போனில் வரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை இந்த லாகைப் பார்க்கச் சோம்பல்பட்டவர்கள் சொல்வதுதான்.

இதைவிடப் பெரிய இடங்களில் வாசலில் விலையுயர்ந்த ஃபயர்வால் பெட்டி இருக்கும், ‘அது போதாதா?’ என்பார்கள். ஒரே சர்வருக்குள், ஒரே விர்ச்சுவல் ஸ்விட்சில் இருக்கும் இரண்டு வி.எம்.கள் தமக்குள் பேசிக்கொள்வது கேபிளுக்கே வருவதில்லை. வாசலில் இருக்கும் பெட்டி அதை எப்படித் தடுக்கும்? உபுண்டு வி.எம். என்றால் இன்னும் கவனம் வேண்டும்: யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வால் கூடவே வரும், ஆனால் அணைந்த நிலையில். ஆன் செய்த பிறகும் டாக்கர் பப்ளிஷ் செய்யும் போர்ட்கள் அதன் விதிகளைத் தாண்டிப் போய்விடும்.

உள்ளே ஃபயர்வால் போட்டால் ஹோஸ்டும் பத்திரம் என்று நினைக்கவும் கூடாது. 2023 பிப்ரவரியில் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வர்களைத் தாக்கிய ரான்சம்வேர், வி.எம்.களை ஓட்டும் ஹைப்பர்வைசரையே பிடித்து, வி.எம். கோப்புகளை வெளியிலிருந்தே பூட்டியது.

அந்தக் கம்பெனியில் கிளம்பும் முன் இன்னொன்று கண்ணில் பட்டது. வி.எம்.முக்கு ஒரு பழைய ஸ்னாப்ஷாட் இருந்தது. ஏதாவது கோளாறென்றால் அம்மா அதற்குத் திரும்பிவிடுவாராம். திரும்பினால் நான் எழுதிய விதிகளும் போட்ட அப்டேட்டும் சேர்ந்தே காணாமல் போகும். புதிதாக ஒன்று எடுத்துவைத்து, அம்மாவிடம் சொல்லிவிட்டு பழையதை அழித்தேன். ரிஜிஸ்டரில் அந்த மெஷினுக்கும் ஒரு வரி எழுதினேன்.