குருணை கட்டும் கசடு

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தின் அடித்தளம். கார்களைத் தாண்டி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் இரும்புக் கதவைத் திறந்தால் புளோயர் இரைச்சலில் பேச்சே கேட்காது. ஆபரேட்டர் விழுப்புரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எந்திரங்களைக் காட்டுவதற்கு முன் தொட்டியை மோந்து பார்க்கச் சொன்னார்.

"மண்ணு வாசனை வந்தா நல்லாருக்குன்னு அர்த்தம் சார். அழுகுன முட்டை நாத்தம்னா காத்து பத்தல."

காற்றடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு வைத்து, கசடு படிவதை அரை மணி நேரம் பார்ப்பது அவருடைய அன்றாடச் சோதனை. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் இந்தக் கசடு முறையை அறிவித்த நாளிலிருந்து தொழிலின் தலைவலி ஒன்றுதான். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். தின்றபின் அடியில் உட்கார வேண்டுமே! சாதாரணக் கசடு மணிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்கும். அதே உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகத் திரண்டால் பத்து மீட்டரையும் தாண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இதை வளர்த்தெடுத்தார்கள். அங்கே ஊர்க் கழிவுநீரே இப்படிச் சுத்தமாகிறது.

இங்கே ஓர் ஆராய்ச்சி மாணவர் சொன்னதைக் கேட்டு, படியவிடும் நேரத்தை ஆபரேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்தார். குறைந்த நேரத்துக்குள் இறங்காதது வெளியேறும். கனமானது தங்கிப் பெருகும். கேட்க எளிது. வெளியேறிய கசடு வடிகட்டியை அடைத்து, சுத்திகரித்த தண்ணீர் போகும் ஃபிளஷ் தொட்டிகளில் பழுப்புத் தண்ணீர் ஏறியதும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு கொதித்திருக்கிறது.

"டைமரைத் திருப்புனது நான். திட்டு வாங்குனதும் நான்தான்" என்று சிரித்தார்.

டைமர் மட்டும் போதாது. கழிவை ஒரேயடியாக ஊட்டிவிட்டுப் பிறகு பசியோடு விட வேண்டும். பந்தியும் பட்டினியுமாக வளரும் உயிர்கள்தாம் பிசினைச் சுரந்து இறுகுகின்றன. மேலே பாயும் காற்று வலுவாக இருந்தால் உதிரிகள் உரசி உருண்டு திரளும். தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தும் பிசினைக் கட்டுகிறது. கெட்டிலில் வெள்ளை படிகிறதென்று வீடுகளில் அலுத்துக்கொள்ளும் அதே சத்து! அடுக்ககக் கழிவில் குளியல் தண்ணீர் கலந்து தீனி நீர்த்துப்போவதுதான் குருணைக்குப் பெரிய எதிரி. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் கேட்கவே வேண்டாம். கழிவறையில் தாராளமாக ஊற்றப்படும் ஆசிட் வேறு. ஆய்வுக்கூடங்களில் அளவாகக் கலந்து ஊட்டும் செயற்கைக் கழிவை வைத்து எழுதிய காரணப் பட்டியல்களை நானும் படித்திருக்கிறேன். அவற்றில் ஆபரேட்டரின் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டைப் பார்த்ததில்லை.

ஜாடியை எடுத்துக் காட்டினார். அடியில் பாதி சேறு, பாதி கடுகைவிடச் சிறிய பழுப்பு மணிகள். விரலில் எடுத்து நசுக்கினால் வழுக்கியது. மணியின் நடுவில் காற்று எட்டாத இடமும் உண்டென்பதால் நைட்ரேட்டை நீக்கும் வேலையும் அதற்குள்ளேயே நடக்கும்.

"போன மாசம் இன்னும் நல்லா இருந்திச்சு. ராத்திரி ரெண்டு வாட்டி கரன்ட் போச்சு, காத்து நின்னுடுச்சு. மறுநாளே பாதி ஒடஞ்சுபோச்சு."

ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்டேன். லிஃப்டுக்கும் வராந்தா விளக்குக்கும் இருக்கிறதாம். ஒரு புளோயரையாவது அதில் சேர்க்கச் சொல்லி அசோசியேஷனுக்கு இரண்டு கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பெயின்ட் டெண்டருக்குப் பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.