சாய்ந்த ஆய்தம்

பிள்ளைகள் போய்விட்டார்கள். டீச்சர் இன்னும் கிளம்பவில்லை. மடியில் அரசு கொடுத்த டேப். மேசைமேல் ஸ்பீக்கரில் போட்ட செல்போன். இடது உள்ளங்கை ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் மடங்கிய பக்கத்தை நீவிக்கொண்டிருக்கிறது. க்யூ.ஆர். கோடு இருக்கும் இடத்தில் சரியாக ஓர் எண்ணெய்க் கறை.

“ஸ்கேன் ஆகலம்மா. சுத்திக்கிட்டே நிக்குது.”

மறுமுனையில் பக்கத்து ஊர்ப் பள்ளியின் இளைய ஆசிரியை. “கோடுக்குக் கீழயே ஆறு எழுத்து இருக்கும் பாருங்கக்கா. அத அடிச்சீங்கன்னா போதும்.”

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்புகிறார். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி, ஆள்காட்டி விரலால் அடிக்கிறார். பாடத்தின் காணொலி திறக்கிறது. கிளிக் கதை. ஓடத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டு நோட்டை எடுக்கிறார்.

செஞ்சிப் பக்கத்தில் ஈராசிரியர் பள்ளி இது. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புமே இவர் பொறுப்பு; ஒரே அறை. கதைப் புத்தகங்களை அலமாரியில் அடுக்க வந்த நான் ஓரமாக உட்கார்ந்திருப்பதை அவர் மறந்தே போய்விட்டார். நானும் நினைவூட்டவில்லை.

நோட்டு நீளமானது, நூறு பக்கம் இருக்கும். பாடக்குறிப்பு எழுதும் அதே குண்டு எழுத்து. வரிசை எண் போட்டு, எதை அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன வரும் என்று எழுதியிருக்கிறார். பெயர் தெரியாத பட்டன்களுக்குப் படம் வரைந்திருக்கிறார். மற்றவர்களுக்கு அனுப்புவதற்கான குறிக்கு, மூன்று புள்ளியும் இரண்டு கோடும் போட்டு, பக்கத்தில் ‘சாய்ந்த ஆய்தம்’ என்று எழுதியிருக்கிறார். எழுத்தறிவிக்கிறவர் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும். ஒரு முறை பார்த்த எனக்கும் இனி மறக்காது.

புத்தகங்களில் இந்த க்யூ.ஆர். கோடு வந்தது 2018இல், ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தபோது. அதற்கு முந்தைய ஆண்டு ஆசிரியர் தினத்தன்றுதான், இந்தக் காணொலிகள் இருக்கும் திக்ஷா தளம் தொடங்கியிருந்தது. இவருக்கு அப்போது இரண்டுமே பழக்கமில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டிய பிறகுதான் செல்போனை வகுப்பாக்க வேண்டி வந்தது. பெரும்பாலான வீடுகளில் ஒரே போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். காணொலி அனுப்பினால் அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் குரலை அனுப்பினார். ஒரு பத்தி வாசித்து, ழகரம் சரியாக விழவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசுவாராம். பிள்ளைகள் எழுதிய பக்கத்தை அம்மாக்கள் போட்டோ எடுத்து அனுப்ப, அந்தப் படத்தின் மேலேயே விரலால் சிவப்பில் ‘சரி’ போட்டுத் திருப்பி அனுப்பக் கற்றுக்கொண்டார். அந்தச் சிவப்புக் குறியைப் பார்க்கவென்றே கண்விழித்துக் காத்திருந்த பிள்ளைகளை இந்த ஊரே அறியும்.

2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, பள்ளிக்கூடத்துத் தரையில் வந்து உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி, இரண்டாம் வகுப்பில். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். டீச்சர் அதையும் கற்றுக்கொண்டார். ஆனால் செயலியில் பதிவதற்கு முன், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுகிறார். காது சொன்ன பிறகுதான் விரல் அசைகிறது.

இப்போது கிளிக் கதையை முதலிலிருந்து ஓடவிடுகிறார். முழுக்கப் பார்க்கிறார். மறுபடியும் பார்க்கிறார். இரண்டாம் முறை பேனா கையில் இருக்கிறது. நோட்டில் இப்படி விழுகிறது: “1.12 நிறுத்து. கேள்: கிளி ஏன் பறக்கல? மூணாம் வகுப்பு பதில் சொல்லக் கூடாது. ஒண்ணு சொல்லட்டும்.” அதற்குக் கீழே, “2.05 சத்தத்தைக் குறை. பிள்ளைங்க சொல்லட்டும்.”

எட்டிப் பார்த்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று குறுவள மையப் பயிற்சியில் காட்டிவிடலாம். எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்பது, மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பல ஆண்டு பாடுபட்டவருக்குத்தான் தெரியும். கருவி நேற்று வந்தது. அந்த அறிவு எப்போதோ வந்துவிட்டது. இந்த மாலை நேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. பள்ளி நேரத்துக்குள்ளேயே அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

“நாளைக்கு இங்க டவர் கெடைக்கலன்னா?” என்று போனில் கேட்கிறார்.

“டவுன்லோடு போட்டு வச்சிருங்கக்கா. நெட் இல்லாமலே ஓடும்.”

அதற்கும் ஓர் எண், ஓர் அம்புக்குறிப் படம். பிறகு ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்துப் பார்க்கிறார். ஜோடி சேராமல் அடம்பிடிக்கிறது, அணைத்துப் போட்டதும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடம் முழுக்கக் கிளி கத்துகிறது. சிரித்தபடி ஒலியைக் குறைக்கிறார்.

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆசிரியைக்கு அனுப்புகிறார். “நிறுத்தற எடமெல்லாம் குறிச்சிருக்கேன் பாரு. உன் பிள்ளைங்களுக்கும் ஆவும்.”

சிறிது நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. அவரும் காணொலியை ஓடவிட்டுப் பார்க்கிறார் போல.

“அக்கா, 1.12 வேணாம். 1.20ல நிறுத்துங்க. அங்கதான் கூண்டு முழுசா தெரியுது.”

“கூண்டு தெரிஞ்சிட்டா பிள்ள என்னத்த யோசிக்கும்? தெரியறதுக்கு முன்னாடிதான் கேக்கணும்.”

“ஒண்ணாம் வகுப்புக்கா! ஒரு துப்பாவது குடுக்க வேணாமா?”

டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்து, 1.12ஐ அடிக்காமல் பக்கத்திலேயே 1.20 என்றும் எழுதிவைக்கிறார். “நீ அதுல நிறுத்து, நான் இதுல நிறுத்தறேன். நாளைக்கு சாயங்காலம் பேசுவோம், யார் பிள்ளைங்க என்ன சொல்லிச்சுன்னு.”