கிளிக்குச் சோறு போடலாமா?



போதகர்களிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகளில் பாதி, வேதாகமக் கல்லூரியின் எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, ஊரிலிருக்கும் தகப்பனாரின் சர்க்கரை வியாதி என்று அவை நீளும். எங்கள் மர்பி டவுன் வட்டாரத்தில் சில ஆண்டுகளாக இந்த வரிசையில் கிளியும் சேர்ந்துகொண்டது.

காரணம் தெளிவானது. அல்சூருக்கு அருகே நெருக்கமான தெருக்கள். சிறு சிறு வீடுகள். சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களும், 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் இடம்பெயர்ந்தவர்களும் இங்கே குடியிருக்கிறார்கள். நாய் வளர்க்க இடமில்லை. இருந்தாலும் வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். சன்னல் கம்பியில் ஒரு கூண்டைத் தொங்கவிட யாரும் தடை சொல்வதில்லை. கூண்டுக்குள் பெரும்பாலும் பட்ஜி இருக்கும். (நம்மவர்கள் அதை லவ் பேர்ட்ஸ் என்கிறார்கள், உண்மையான லவ் பேர்ட் வேறொரு இனம்.) சில வீடுகளில் கொண்டையுள்ள காக்டீல். எங்கள் வீட்டிலும் ஒரு காக்டீல் இருந்தது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன குடும்பத்தார் ஒப்படைத்துச் சென்றது. ஐந்து ஆண்டுகள் என் பிரசங்கக் குறிப்புகளின் ஓரங்களைக் கடித்துத் தின்றுகொண்டு சுகமாக வாழ்ந்தது. அந்த நாட்களில்தான் பறவை ஆகாரத்தைக் குறித்து வாசிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மே மாத விடுமுறையில் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்லவேண்டும். தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். தகப்பன் கார் ஓட்டுநர். எட்டு வயது மகள் காலையில் எழுந்து, முந்தின இரவு வடித்து மூடிவைத்த சோற்றை ஒரு கிண்ணம் நிறைய எடுத்து இரண்டு பட்ஜிகளின் கூண்டுக்குள் வைத்தாள். அன்று முழுவதும் அந்தச் சோறு அங்கேயே இருந்தது. சாயங்காலம் ஒரு பறவை இறகுகளை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் விடியுமுன் இரண்டும் இறந்துவிட்டன.

தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, சோறுதான் காரணம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்கள். பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். வயதாகிச் செத்துப்போயின என்று நீங்கள் வந்து சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்."

கடைசி வாக்கியம்தான் எனக்குப் பாரமாயிற்று. அன்று மாலை போனேன். நான் உட்காருமுன்னே பிள்ளை கேட்டாள்: "நான் போட்ட சோறுதானா ஐயா?" மருத்துவர் யாரும் பார்க்கவில்லை, ஆகையால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் சோறு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்றேன். பசிக்குமே என்று நினைத்துத்தான் நீ வைத்தாய். இப்படிச் செய்யக்கூடாது என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றும் சொன்னேன். தாய்க்கு என்மேல் மிகுந்த மனவருத்தம். சில வாரங்கள் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாராமலே போய்விடுவார். பிள்ளையோ மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "அப்படியானால் எப்படிப் போடவேண்டும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னவற்றையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சோறு கிளிக்கு விஷமன்று. உப்பில்லாமல் வேகவைத்து ஆறிய புதுச்சோற்றைத் தாராளமாய்க் கொடுக்கலாம். ஆபத்து நேரத்தில் இருக்கிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே ஒட்டியிருக்கும். கொதிக்கும் உலையிலும் இவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரி வரையுள்ள வெப்பம் இத்தகைய கிருமிகளுக்கு வசதியானது. மே மாதத்தில் நம் அடுக்களை முழுவதுமே அந்த வரம்புக்குள் அடங்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கவல்லது. ஆகவே, "மறுபடியும் சூடாக்கிவிட்டேனே" என்பது பாதுகாப்பாகாது.

அதே சோற்றை வீட்டார் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பார்கள். ஒரு பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். 60 கிலோ எடையுள்ள மனிதன் அதைப்போல ஏறத்தாழ 1,700 மடங்கு பெரியவன். நமக்கு வெறும் வயிற்றுப் பொருமலாகக் கடந்துபோவது அதற்கு உயிர்ப்பிரச்சினை. மேலும், பறவை விழுங்கிய உணவு நேரே இரைப்பைக்குப் போவதில்லை. கழுத்தின் கீழுள்ள தீனிப்பையில் சற்று நேரம் தங்கும். அங்கே சூடும் ஈரமும் உண்டு. கெடத் தொடங்கிய சோறு அங்கே மேலும் கெடும். புளித்துப்போய் பூஞ்சை நோய்க்கும் இடமாகும்.

பழைய சோற்றை நான் பழிக்கவில்லை. அதில் வளர்ந்தவன் நான். ஆனால் நீரூற்றிப் புளிக்கவைத்த சோறு வேறு. அதில் லாக்டிக் அமிலம் உண்டாகிறது. நீரின்றிப் பானையில் மிஞ்சிக் கிடந்தது வேறு. பழைய சோற்றிலும் நாம் மோரும் உப்பும் சேர்க்கிறோம். இரண்டும் பறவைக்கு ஆகாதவை. பறவைகளின் உடல் பாற்சர்க்கரையைச் செரிக்காது. அதனால் "கிளிக்குப் பால்சோறு" என்னும் வழக்கத்தைத் தாலாட்டோடு நிறுத்திக்கொள்வது நலம்.

எப்படிச் சமைப்பது? சிவப்பரிசி, தினை, சாமை, உடைத்த கோதுமை, பார்லி ஆகியவற்றில் எதுவும் நல்லது. உப்பு, எண்ணெய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். நம் பானையிலிருந்து எடுப்பதானால், உப்புச் சேர்க்குமுன் எடுத்து வையுங்கள். குழைய விடாமல் பருக்கை பருக்கையாக வேகவைத்து, தட்டில் பரப்பி விரைவாக ஆறவிடுங்கள். சுடச்சுடக் கொடுத்தால் தீனிப்பை வெந்து புண்ணாகும். கையால் ஊட்டப்படும் குஞ்சுகளுக்கு இந்த விபத்து அடிக்கடி நேருகிறது. மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் குளிர்ந்தும் ஓரிடம் கொதித்தும் இருக்கும். நன்றாகக் கிளறித் தொட்டுப் பாருங்கள். பட்ஜிக்கு அரைத் தேக்கரண்டி, காக்டீலுக்கு ஒரு தேக்கரண்டி போதும். துருவிய காரட்டோ, வெந்த மஞ்சள் பூசணியோ, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையோ கலந்தால் வைட்டமின் ஏ கிடைக்கும். வெறும் விதையைத் தின்று வளரும் கூண்டுப் பறவைகளுக்குப் பெரிய குறைவு அதுவே.

காலையில் பசியோடிருக்கும்போது வையுங்கள். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் பொறுக்கலாம், அதற்குமேல் கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வைத்துவிட்டு மாலையில் எடுப்பதானால் வேகவைத்த ஆகாரமே வேண்டாம். அன்றைக்கு உலர்ந்த தினை போதும். ஞாயிற்றுக்கிழமை சமைத்ததை ஆறியவுடன் ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவைத்து, நாளுக்கு ஒரு கட்டியாக எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கள் வீட்டில் என் மனைவி அப்படித்தான் செய்தார். அந்தத் தட்டைப் பிள்ளைகள் ஒருமுறை பழரசத்தில் போட எடுத்ததும் உண்டு.

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முட்டையிடும் பறவைக்கு மிகவும் நல்லது. ஆனால் களியாகக் கிண்டினால் அலகில் ஒட்டிக் காய்ந்துபோகும். முளைகட்டி நன்றாகக் கழுவிக் கொடுப்பது மேல். பயறு வகைகளில் ராஜ்மாவை மட்டும் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளவேண்டும். ஊறவைத்த பச்சை ராஜ்மாவில் கடும் நச்சுப் புரதம் உண்டு. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குறைந்தது 10 நிமிடம் கொதித்து, பிறகு முழுதும் வேகவேண்டும். அரைவேக்காடு இன்னும் மோசம்.

தானியம் சமைக்குமுன்பே கெட்டிருந்தால் சமைத்தும் பயனில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. தீவனத்திலிருந்த பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரியவந்தது. அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அப்படித்தான் கண்டறியப்பட்டது. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 10 யானைகள் இறந்ததற்கும், பூஞ்சை நஞ்சேறிய வரகே காரணம் என்று ஆய்வு அறிக்கைகள் கூறின. யானைக்கே அப்படியென்றால் 35 கிராம் பறவைக்கு என்ன சொல்வது! முகர்ந்துபார்த்து மக்கல் வாடை வந்தால், விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆகாரத்தைவிடச் சட்டி கொல்லும் என்பது பலருக்குத் தெரியாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பூச்சிலிருந்து வரும் வாயு, கூண்டுப் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் சுவாச அமைப்பு அவ்வளவு நுட்பமானது. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை அறிய 1986 வரை கானரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். ஒற்றை அறை வீட்டில் அடுப்புக்கும் கூண்டுக்கும் நான்கடி இடைவெளி இருந்தால் அதிகம். ஆகவே தோசைக்கல் இரும்பாக இருக்கட்டும். பட்டர் ஃப்ரூட், சாக்லெட், காபி இவை கிளிக்கு நஞ்சு. நம் வாயிலிருந்து ஊட்டுவதும் வேண்டாம். நம் எச்சிலிலுள்ள கிருமிகள் அதற்குப் புதியவை. மிளகாய்க்குத் தடையில்லை. பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. நாம்தான் அதன் துணிச்சலைக் கண்டு வியக்கிறோம்.

சென்னை ராயப்பேட்டையில் நிழற்படக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த சேகர் என்பவரைக் குறித்துப் பலர் வாசித்திருப்பீர்கள். 2004 சுனாமிக்குப்பின் தம் மாடிக்கு வந்த சில கிளிகளுக்கு ஆகாரம் வைக்கத் தொடங்கி, ஆயிரக்கணக்கானவை வரும் நிலையை எட்டினார். பலகைகளை வரிசையாய் அமைத்து நாள்தோறும் காலையும் மாலையும் அரிசி வைத்தார். அத்தனை கூட்டம் வந்தால் எதுவும் மிஞ்சுவதில்லை, ஆகவே கெடவும் நேரமில்லை. நம் வீட்டுக் கிண்ணத்தின் கதை வேறு.

அவர் மாடிக்கு வந்தவை சுதந்தரமாய்ப் பறந்துவந்த காட்டுக்கிளிகள் என்பதையும் கவனிக்கவேண்டும். செந்தார்ப் பைங்கிளியும் பெரிய பச்சைக்கிளியும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில், தேர்தல் வேட்பாளர் தங்கர் பச்சானுக்குச் சீட்டு எடுத்த ஜோசியக் கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றியது செய்தித்தாள்களில் வந்தது. பட்ஜிக்கும் காக்டீலுக்கும் இந்தத் தடை இல்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வயதான சகோதரர் ஒருவர் இருக்கிறார். மனைவியை இழந்தவர். அவரிடம் பதினொரு ஆண்டுகளாக ஒரு பச்சைக்கிளி உண்டு. மறைந்த அம்மையாரின் குரலில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும். சட்டத்தைச் சொன்னேன். திறந்துவிட்டுவிடட்டுமா என்று கேட்டார். கூடாது, இத்தனை ஆண்டு கூண்டிலிருந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது, காகமும் பருந்தும் விடா, வனத்துறையிடமோ கெங்கேரி அருகிலுள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் மறுவாழ்வு மையத்திலோ ஒப்படைக்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். மூன்று வாரமாக "அடுத்த சனிக்கிழமை போகலாம் பாஸ்டர்" என்கிறார். நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் போய் உட்காருகிறேன். உப்பில்லாமல் வேகவைத்த தினையை ஒரு தேக்கரண்டி வைக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை எடுத்துக் கழுவுகிறார். கிளி அவர் பெயரைச் சொல்லுகிறது. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்; அவர் பார்ப்பதில்லை.