மலட்டு மரம் இல்லைங்க, அம்மா!

எங்கள் வீட்டுக் கொல்லையில் நாலு பப்பாளி வைத்தேன். ஆளுயரம் வளர்ந்து, நீள நீளக் காம்பில் கொத்துக் கொத்தாய்ப் பூத்ததே தவிர, ஒரு பிஞ்சு பிடிக்கவில்லை. "மலட்டு மரம், வெட்டிப் போடு" என்றார் மாமியார். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி ஆறு வருஷம் அந்த வார்த்தை என் காதிலும் விழுந்ததுதான்.

போன மாசம் கோவையில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மருதமலை போகிற வழியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டத்தையும் பார்த்து வரலாமென்று இறங்கினோம். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, பிறகு கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமானதாம். மறு வருஷமே தோட்டக்கலைக்கென்று தனிக் கல்லூரி. பழம், காய், பூ என்று நம் வீட்டுக் கூடைக்கு வருவதெல்லாம் அவர்கள் பாடம்!

அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் என் மரத்தின் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அது மலடில்லைங்க அம்மா, ஆண் மரமுங்க. பப்பாளியில ஆண் வேற, பெண் வேற. பூத்தாத்தான் தெரியும்" என்றார்.

இந்தத் தொல்லை தீரத்தான் அங்கே வருஷக்கணக்காகப் பாடுபட்டிருக்கிறார்கள். 'கோ 2' என்ற உள்ளூர் ரகத்தோடு, ஹவாய்த் தீவின் 'சன்ரைஸ் சோலோ'வை இணைத்து, 1983-ல் 'கோ 3' வெளியிட்டார்கள். 1997-ல் 'கோ 7' வந்தது. இவற்றில் ஆண் மரமே கிடையாது. ஒன்று பெண் மரம், இல்லையென்றால் இருபால் பூ பூக்கும் மரம்; எல்லாமே காய்க்கும். ஆண், பெண் தனித்தனியாக உள்ள ரகமென்றால், குழிக்கு இரண்டு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு வேண்டாததைக் களைய வேண்டும். பதினைந்து, இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது, வேர் அழுகிவிடும்.

ஊர் திரும்பியதும் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுக்கும் காரணம் இருக்கு பாரு. தெரியாமப் பேசிட்டேன்டி" என்றார். மரத்தைச் சொன்னாரா, என்னையா? நான் கேட்கவில்லை.

ஆறாம் வருஷம் டாக்டரம்மா எங்கள் இருவரையுமே பரிசோதித்தார். சிகிச்சை தேவைப்பட்டது என் கணவருக்குத்தான். அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். சகோதரிகளே, குழந்தை தாமதமானால் பெண்ணை மட்டும் டாக்டரிடம் அனுப்பாதீர்கள், இருவருமே போங்கள். மரத்தையானாலும் மருமகளையானாலும், காரணம் தெரியாமல் பேர் வைக்க வேண்டாமே!